ஹக்கிமா: குதிரையை விட்டு இறங்கிய சொல்

பெரு நாட்டின் கூஸ்கோ நகருக்கு அருகே, 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் சின்செரோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே நெசவு பழகும் சிறுமி முதலில் நெய்வது ஒரு ஒடுங்கிய நாடா. பாவின் ஒரு முனையை முளையில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறாள். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். அவள் உடம்பே தறியில் பாதி. நாடாவின் பெயர் ஹக்கிமா.

ஊராரின் கெச்சுவா மொழி பேசும் வாயில் பிறந்த சொல் அல்ல இது. ஸ்பானியத்தில் ‘ஹாக்கிமா’ என்றால் குதிரைக்குப் பூட்டும் தலைக்கயிறு. அதற்கும் மூலம் அரபு: ‘ஷக்கீமா’, கடிவாளத்தைச் சேர்ந்த சொல். அரபு ஆட்சி நடந்த ஸ்பெயினில் அது உள்ளூர்ப் பேச்சில் கலந்தது. பழைய ஸ்பானியத்தில் ‘ஷ’ ஒலி அப்படியே இருந்தது. பிறகுதான் தொண்டைக்கு இறங்கி ‘ஹ’ ஆயிற்று. மெஷிக்கோ மெஹிக்கோ ஆனதும் இப்படித்தான்.

1532இல் ஸ்பானியத் தளபதி பிசாரோவின் படையோடு குதிரை இன்கா நாட்டுக்குள் நுழைந்தது. விலங்கோடு கயிற்றின் பெயரும் மலையேறியது. பெயரைப் பார்த்துவிட்டு, நெசவையும் வந்தவர்களே கற்றுக்கொடுத்தார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பெருவின் கடலோரத்தில் ஹுவாக்கா ப்ரியெத்தாவில் கிடைத்த பருத்தித் துணிகளுக்கு வயது 4,000 ஆண்டுகளுக்கும் மேல்.

இதே சொல் வடக்கே போய், கலிபோர்னியாவின் மாடு மேய்ப்பவர்கள் வாயில் ‘ஹாக்கமோர்’ ஆனது. அங்கே அது இன்றும் குதிரையின் தலையில்தான் இருக்கிறது. சின்செரோவிலோ குதிரை நழுவிப்போய், கட்டுகிற நாடா மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. இந்தச் சொல்லில் என் மனம் நின்றுவிடும் இடம் இதுதான்.

ஆனால் நாடாவில் உருவம் எழுப்பும் வேலைக்குச் சின்செரோ நெசவாளர்கள் யாரிடமும் சொல் வாங்கவில்லை. அதன் பெயர் ‘பய்யாய்’, அசல் கெச்சுவா. பொறுக்கு, திரட்டு என்று பொருள். வயலில் விளைந்ததைத் திரட்டவும் அதே சொல்தான். விரல்நுனியால் வேண்டிய பாவு நூல்களைப் பொறுக்கி எடுத்து, ஊடையைச் செலுத்தி, லாமா எலும்பில் செய்த ‘ருக்கி’யால் தட்டி இறுக்க வேண்டும். நாடா கைவந்த பிறகு, தோளில் போர்த்தும் ‘யிக்யா’வுக்கு வருவார்கள். அதில் உருவம் இல்லாத வெறும் பகுதிக்கு ‘பம்பா’ என்று பெயர். சமவெளிக்கும் அதுவே பெயர்.

சின்செரோவில் பிறந்த நெசவாளர் நில்டா கய்யஞாவ்பா, 1996இல் கூஸ்கோ மரபு நெசவு மையத்தை நிறுவியவர்களில் ஒருவர். அந்த மையத்தைச் சேர்ந்த ஊர்களில் சிறுவர்கள் பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிறார்கள். நூல் ஒன்று தவறினால் உருவத்தின் கோடு கோணிவிடும். அந்த வரிசையைப் பிரித்து, முதலிலிருந்து பொறுக்க வேண்டும்.