ஸ்பிட்ஃபயரா, ஹரிக்கேனா?

1940-இல் பிரிட்டன் வானில் நடந்த போரை வென்று தந்தது ஸ்பிட்ஃபயரா, ஹரிக்கேனா என்ற வழக்கு விமானப் பிரியர்களிடையே இன்னும் தீர்ந்தபாடில்லை. சிட்னி காம் வடிவமைத்த ஹரிக்கேன் 1935 நவம்பரிலும், ஆர். ஜே. மிட்செலின் ஸ்பிட்ஃபயர் 1936 மார்ச்சிலும் முதன்முதலாகப் பறந்தன. இரண்டுக்கும் மெர்லின் எஞ்சின்தான். ஆயுதமும் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள்தான்.

ஸ்பிட்ஃபயர் கட்சிக்கு வேகமும் நீள்வட்ட இறக்கையின் அழகும் துணை. அந்த இறக்கையைச் செய்து முடிப்பதற்குள் தொழிலாளர் பட்ட பாடு தனிக்கதை. ஹரிக்கேனின் பின்னுடலோ உலோகக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. குண்டு துளைத்தால் ஒட்டுப்போட்டுத் திரும்ப அனுப்பிவிடலாம். அந்தப் போரில் எண்ணிக்கையில் மிகுந்ததும், எதிரி விமானங்களை அதிகம் வீழ்த்தியதும் அதுவே. புகழ் மட்டும் மற்றதற்குப் போய்விட்டது.

இரு கட்சியும் வாயடைத்துப்போகும் இடம் ஒன்றுண்டு. சட்டென்று மூக்கைக் கவிழ்த்தால் மெர்லினின் கார்புரேட்டர் திணறும். எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கு அந்தத் தொல்லை இல்லை. 1941-இல் பியட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் துளையிட்ட சிறு உலோகத் துண்டால் அதைப் பெருமளவு சரிக்கட்டினார். 109-இன் ரசிகர்களும் அதிகம் துள்ள முடியாது: லண்டன் வரை வந்தால் சண்டையிட அதற்குச் சுமார் 10 நிமிட எரிபொருளே மிஞ்சியது.

பிரிட்டன் வானைத் தாண்டினால் ஹரிக்கேனின் வரம்பும் தெரிந்தது. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியத் தாக்குதலிலிருந்து கொழும்பைக் காக்க எழுந்த விமானங்களில் பெரும்பாலானவை ஹரிக்கேன்கள். அவற்றைவிடக் குறுகிய வளைவில் திரும்பிய ஜப்பானிய ஜீரோ போர் விமானங்களிடம் பல வீழ்ந்தன.