மாவில் பல்கருநிலை

ஒரே விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் உருவாகும் இயல்பு. புத்தலப்பட்டை உள்ளிட்ட சித்தூர் மாவட்டத்தில் பெருமளவு விளையும் பெங்களூரா என்ற கிளிமூக்கு மா ஒற்றைக்கரு வகை. கொட்டையின் தடித்த ஓட்டைப் பிளந்தால் உள்ளே இரு பருப்புகளும் ஒரு முளையும்தான் இருக்கும். அந்த முளை மகரந்தச் சேர்க்கையில் பிறந்தது, தாய்மரத்தின் குணம் அதில் அப்படியே வராது. மேற்குக் கடற்கரையின் ஒளூர், வெள்ளைக்கொழும்பான் ஆகிய மா வகைகளிலோ பருப்பு பல துண்டுகளாகக் கிடக்கும். ஒரே கொட்டையிலிருந்து பல கன்றுகள் கிளம்பும்.

இக்கூடுதல் கருக்கள் சூல்திசுச் செல்களிலிருந்து, அதாவது தாயின் உடற்செல்களிலிருந்தே, தோன்றுகின்றன. சாதாரணமாக அச்செல்களில் அடங்கியிருக்கவேண்டிய கருவாக்க மரபணுக்கள் இங்கே விழித்துக்கொள்கின்றன. ஆரஞ்சு இனங்களில் 2017-இல் வெளியான ஆய்வு, ஆர்கேடி குடும்ப மரபணு ஒன்றின் கட்டுப்பாட்டுப் பகுதியில் புகுந்த சிறு டி.என்.ஏ துண்டை இத்தன்மையோடு இணைத்தது. மாவிலும் அதே குடும்ப மரபணுவையே பின்வந்த ஆய்வுகள் சுட்டுகின்றன. வேறு குடும்பத்துச் செடியிலும் இதே குடும்ப மரபணு தென்படுவது வியப்புக்குரியது.

கரு முதிரும்போது சேமிப்புப் புரதங்களும் மாவுச்சத்தும் பருப்பில் சேர்கின்றன. ஆனால் கோகோவைப் போலவே மாவிதையும் உலர்ச்சியைத் தாங்காது. சில வாரங்களில் முளைதிறன் போய்விடும். எனவே கொட்டையைப் பழம் தின்ற ஈரத்தோடு விதைப்பதே நல்லது.

சூல்திசுக் கன்றுகள் தாயை ஒத்தவை, ஒரே சீரானவை. ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாக அவற்றையே தேர்ந்தெடுப்பது சிறப்பு. வெள்ளைக்கொழும்பான் வேர்ச்செடி மரத்தின் உயரத்தையும் குறைக்கும்.