அம்மா போட்ட சங்கிலியும் லண்டன் பொற்கொல்லர் சங்கமும்



பேத்தியின் காதுகுத்துக்காகப் போன மாதம் என் பழைய சங்கிலியை மாற்றப் போனேன். என் கல்யாணத்துக்கு அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்து வாங்கிப் போட்ட மூன்று பவுன். கடைப் பையன் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது பதினெட்டு காரட்தான் வருது" என்றான். அம்மா கொடுத்ததோ இருபத்திரண்டு காரட்டுக்கான பணம். விற்ற கடை இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. சங்கிலியில் ஒரு முத்திரைகூட இல்லை.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. இந்த முத்திரை எங்கே தொடங்கியது என்று தேடிப் படித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1300-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் ஒரு சட்டம் போட்டார். வெள்ளிப் பொருளில் ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்த வெள்ளி இருக்க வேண்டும். சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை குத்தும் பொறுப்பு பொற்கொல்லர் சங்கத்து மூப்பர்களுக்கு. அவர்கள் பட்டறை பட்டறையாகப் போய்ச் சோதித்தார்கள். தரம் குறைந்தால் பொருளை உடைத்து அபராதம் போட்டார்கள். 1327-இல் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. 1363-இல் செய்தவர் தன் அடையாளத்தையும் குத்த வேண்டும் என்றானது.

1478-இல் பெரிய மாற்றம் வந்தது. சங்கத்தின் மண்டபத்திலேயே சம்பளத்துக்கு ஒரு சோதனையாளரை வைத்தார்கள். நகைகள் மண்டபத்துக்கு வந்தன. ஆங்கிலத்தில் மண்டபம் 'ஹால்', முத்திரை 'மார்க்'. நாம் சொல்லும் 'ஹால்மார்க்' இப்படிப் பிறந்ததுதான்! அதோடு ஆண்டுக்கு ஓர் எழுத்தும் சேர்த்துக் குத்தினார்கள். பின்னாளில் குறை தெரிந்தால், அந்த ஆண்டு சோதித்தவர் யார் என்று பிடித்துவிடலாம். சோதிப்பவருக்கும் ஒரு கடிவாளம்!

அரசனின் நாணயமும் தப்பவில்லை. நாணயச்சாலையின் காசுகளை ஒரு பெட்டியில் எடுத்து வைத்து, பொற்கொல்லர்கள் நடுவர்களாக அமர்ந்து எடையும் தரமும் பார்ப்பார்கள். 'பிக்ஸ் சோதனை' என்று பெயர். இன்றும் ஆண்டுதோறும் அதே சங்க மண்டபத்தில் நடக்கிறது.

சங்கத்தார் எல்லாரும் தர்மவான்கள் என்று சொல்ல வரவில்லை. பல வருடம் பயிற்சி முடித்துச் சங்கத்தில் சேராதவர் லண்டனில் தொழில் செய்வது கடினம். தங்கள் பிழைப்பைக் காத்துக்கொள்ளவும்தான் விதி வைத்தார்கள். ஆனால் ஒருவன் கலப்படம் செய்தால் எல்லாருக்கும் கெட்ட பெயர் என்று புரிந்து வைத்திருந்தார்கள்.

நம் பக்கமும் ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் என்று பெரிய வணிகக் குழுக்கள் இருந்தன. இன்று கல்வெட்டில்தான் இருக்கின்றன. லண்டன் சங்கமோ 700 ஆண்டு தாண்டியும் முத்திரை குத்துகிறது, இளைஞர்களுக்கு நகைத்தொழில் கற்றுத்தருகிறது. 1891-இல் அது தொடங்கிய கல்விக்கூடம்தான் இன்றைய கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி.

நம் நாட்டில் 2021 முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமாகியிருக்கிறது. நகை வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: பிஐஎஸ் முத்திரை, 22 காரட்டுக்கு 916 என்ற எண், ஆறு இலக்க அடையாள எண். அந்த ஆறு இலக்கத்தை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் விவரம் வரும். "தெரிஞ்ச கடைதானே" என்று விட்டுவிடாதீர்கள். அம்மாவும் தெரிந்த கடையில்தான் வாங்கினார்.

சங்கிலியை நான் மாற்றவில்லை. பேத்திக்குச் சேமிப்பிலிருந்து புதுத் தோடு வாங்கினேன், முத்திரை பார்த்து. பதினெட்டு காரட் என்றாலும் அது அம்மா கட்டிய சீட்டு. என் கழுத்திலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்