பளபளப்பில் போன சரித்திரம்

சில வருஷங்களுக்கு முன் 1857-ம் வருஷத்துக் கிளர்ச்சியைப் பின்னணியாக வைத்து ஒரு தொடர்கதை எழுதினேன். ஒன்பதாவது அத்தியாயத்தில் கதாநாயகன் ஒரு வெள்ளைக்காரக் காப்டனின் கையிலிருந்து ரிவால்வரைத் தட்டிப் பறிக்கிறான். அதை நடுவில் மடித்து, ஆறு தோட்டாக்களை மளமளவென்று போட்டுக்கொண்டு குதிரையில் பாய்ந்து ஏறுகிறான். 'வெப்ளி ரிவால்வர்' என்று பெயர்கூடக் கொடுத்திருந்தேன். பெயர் கொடுத்தால் வாசகர் நம்பிவிடுவார் என்பது எங்கள் தொழில் ரகசியங்களில் ஒன்று.

அடுத்த வாரம் தெற்கேயிருந்து ஒரு கார்டு வந்தது. பொடி எழுத்தில் நாலே வரி. "தங்கள் கதாநாயகன் வீரன்தான். ஆனால் முப்பது வருஷம் முந்திக்கொண்டுவிட்டான். பிரிட்டிஷ் ராணுவம் வெப்ளியை ஏற்றுக்கொண்டது 1887-ல். 1857-ல் இருந்தது எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால் என் வீட்டுக்கு வரலாம். ஒன்று இருக்கிறது."

எழுத்தாளனுக்கு வெட்கம் வருவது அபூர்வம். எனக்கு அன்று வந்தது. அந்தக் கார்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு வருஷம் புத்தகங்களாகப் படித்தேன். பரீட்சைக்குத் தயார் செய்துகொண்ட பிறகு வாத்தியார் வீட்டுக்குப் போவதுதானே மரியாதை?

படித்ததில் என்னைப் பிடித்துக்கொண்டவர் சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கர். 1830-ல், பதினாறு வயதில், பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட 'கார்வோ' என்ற கப்பலில் வேலைக்குப் போனார். அந்தப் பிரயாணத்தில் கப்பலின் சுக்கான் சக்கரம் சுழன்று சுழன்று நிற்பதைப் பார்த்துத்தான் சுழலும் துப்பாக்கி தம் மனசில் உதித்தது என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார். மரத்தில் ஒரு மாதிரியும் செதுக்கினாராம். லண்டனில் காலியர் என்பவர் 1818-லேயே சுழலும் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சுக்கான் கதையை நான் முழுவதும் நம்பவில்லை. நல்ல வியாபாரி நல்ல கதை சொல்லாமலிருக்க மாட்டான்.

1836-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய கோல்ட், முதல் தொழிற்சாலையை 1842-ல் இழந்தார். மீண்டும் எழுந்தார். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் தம் சரக்கைப் பரப்பினார். அதே பொருட்காட்சியில் ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயரும் தம் ரிவால்வரை வைத்திருந்தார். கோல்ட்டினுடையதில் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஆடம்ஸினுடையதில் விசையை அழுத்தினாலே போதும். 1856-ல் போமாண்ட் என்ற லெப்டினெண்ட் இரண்டு வழியையும் ஒன்றிலேயே சேர்த்துவிட்டார். ஆகவே 1857-ல் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் இடுப்பில் கோல்ட்டும் இருந்திருக்கலாம், ஆடம்ஸும் இருந்திருக்கலாம். இரண்டையும் நடுவில் மடிக்க முடியாது. ஒவ்வோர் அறையிலும் மருந்து கொட்டி, ஈயக் குண்டை வைத்துக் கெட்டித்து, பின்னால் தொப்பி மாட்ட வேண்டும். என் கதாநாயகன் அதையெல்லாம் குதிரைமேல் செய்திருந்தால் அத்தியாயம் முடிவதற்குள் பிடிபட்டிருப்பான்.

கார்டு எழுதியவர் ஒரு பழைய ஜமீன் குடும்பத்தின் கடைசிக் கொழுந்து. எழுபது வயசுக்கு மேலிருக்கும். வீட்டின் பாதி இடிந்துவிட்டது. மீதிப் பாதியில் அவரும் புத்தகங்களும் இருந்தனர்.

"வாங்க தம்பி. ஒரு வருஷம் யோசிச்சீங்களா?" என்றார்.

"படிச்சிட்டு வந்தேன் ஐயா" என்றேன்.

பட்டுத்துணியில் சுற்றியிருந்ததை மேஜைமேல் வைத்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா 1857-ல் வடக்கே போனவராம். ஒரு காப்டனுடைய உயிரைக் காப்பாற்றினார், அந்தக் காப்டனே கொடுத்தது என்று ஒரு கட்சி. காப்டன் உயிரை வாங்கிவிட்டு எடுத்தது என்று இன்னொரு கட்சி. குடும்பத்திலேயே இதில் இரண்டு பிரிவு. கல்யாண வீட்டில்கூடச் சண்டை வருமாம்.

துணியைப் பிரித்தேன். கண்ணாடிபோல் மின்னியது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். பழைய துப்பாக்கி எதுவானாலும், உள்ளே மருந்து இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கரிமருந்து நனையாமலிருந்தால் நூறு வருஷமானாலும் சாகாது. 2008-ல் அமெரிக்காவில் விர்ஜீனியாவில் ஒருவர், அவர்கள் உள்நாட்டு யுத்தத்தில் மிஞ்சிய பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து இறந்துபோனார். ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷத்து மருந்து! குழாயைச் சுவரின் பக்கம் திருப்பி வைத்து, உருளையின் அறைகளை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்து காலி. ஆறாவதில் ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பின்புறம் தொப்பி எதுவும் இல்லை. ஈர்க்குச்சியால் மெள்ளத் தொட்டேன். சிவப்பாகப் பொடி உதிர்ந்தது. மோந்து பார்த்தார் பெரியவர். "சந்தனம்" என்றார். பல வருஷத்து ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் அங்கே போய் இறுகிக் கிடந்தன. அதன் ஈரம் பட்ட இடத்தில் துரு பல் போட்டிருந்தது.

இனி அடையாளம். எண்கோணக் குழாய், ஏழரை அங்குலம். ஆறு அறை. உருளைக்கு மேலே இரும்புப் பட்டை இல்லை, திறந்தே இருந்தது. ஆடம்ஸ் என்றால் மேலேயும் பட்டை ஓடும், அறையும் ஐந்துதான். ஆகவே இது கோல்ட்டின் 'நேவி', 1851-ம் வருஷத்து மாதிரி. குழாயின் மேல்புறத்தில் விலாசம் பொறித்திருக்க வேண்டும். நியூயார்க் என்றிருந்தால் அமெரிக்காவில் செய்தது. லண்டன் என்றிருந்தால், 1853-ல் தேம்ஸ் கரையில் கோல்ட் திறந்து அந்த வருஷங்களிலேயே மூடிவிட்ட தொழிற்சாலையில் செய்தது. அங்கே செய்தவை சுமார் 42,000.

விலாசம் இருந்த இடம் வழவழவென்றிருந்தது.

உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி இருக்க வேண்டும். 1843-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி டெக்ஸாஸ் கப்பல்களும் மெக்ஸிகோ கப்பல்களும் கம்பேச்சே அருகில் மோதிக்கொண்ட காட்சி அது. டெக்ஸாஸ் கடற்படை தம்முடைய பழைய ரிவால்வரை வாங்கியதற்கு நன்றியாகக் கோல்ட் அதைப் போட்டார். 'நேவி' என்ற பெயரே அதனால்தான். தடவிப் பார்த்தேன். ஒரு கப்பலின் பாய்மரம் மாத்திரம், நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு மிஞ்சியிருந்தது. மற்றக் கப்பல்களெல்லாம் மூழ்கிவிட்டன.

"எதைப் போட்டு ஐயா துலக்குவீங்க?"

"புளி. செங்கல் தூள். எங்க பாட்டி காலத்திலேருந்து சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். நானே அம்பது வருஷம் தேய்ச்சிருக்கேன்." சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "தப்பா தம்பி?" என்றார்.

எப்படிச் சொல்வது? புளி இரும்பை அரிக்கும், செங்கல் தூள் எழுத்தைத் தின்னும். துப்பாக்கியின்மேல் படிந்த அந்தப் பழுப்பு நிறம் அழுக்கல்ல, அதன் வயசு. சிவந்து உதிர்கிற துருவைத்தான் எடுக்க வேண்டும். அதற்கும் எண்ணெயில் ஊறவிட்டு, மரக்குச்சியாலோ செப்புக் காசின் விளிம்பாலோ மெள்ளச் சுரண்டினால் போதும். உப்புக் காகிதம் கூடாது. வெறுங்கையால் தொட்டால் வேர்வையின் உப்பே கறையாகும். தோல் உறையில் போட்டு வைப்பது அதைவிட மோசம். பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும். எண்ணெய் மெலிதாகப் பூச வேண்டும். மியூசியங்களில் ஒருவித மெழுகு பூசுகிறார்கள். தொப்பி இல்லாமல் விசையைத் தட்டித் தட்டி வேடிக்கை பார்த்தால் பின்னாலிருக்கும் முளைகள் நசுங்கும். இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. அவரோ ஐம்பது வருஷம் பக்தியாகத் தேய்த்தவர். தப்பென்று வாய் திறந்து சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டுவிட்டார்.

ஆனாலும் துணி நுழையாத இடங்கள் சில உண்டு. குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆப்பை மரக்கட்டையால் தட்டி எடுத்து, குழாயையும் உருளையையும் கழற்றினோம். உருளையின் பின்பக்கத்தில், முளைகளுக்கு நடுவில், கிரீடமும் அதன் கீழே எழுத்துகளுமாக லண்டன் பரிசோதனை முத்திரைகள் தெளிவாக இருந்தன. கோல்ட் தம் துப்பாக்கிகளில் ஒரே நம்பரைப் பல பாகங்களில் அடிப்பார். நம்பர்கள் ஒத்துப்போனால் பாகங்கள் மாறவில்லை என்று அர்த்தம். உருளை சுழலும் அச்சில் ஒரு நம்பர் இருந்தது. ஆப்பில் வேறு நம்பர். ஆப்பு எளிதில் தொலைகிற சாமான், அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. மற்ற நம்பர்களெல்லாம் இருந்திருக்க வேண்டிய அடிப்புறம், விலாசம் போன வழியிலேயே போயிருந்தது. பிடியின் கீழே ஒரு ரெஜிமெண்டின் பெயரோ ஓர் அதிகாரியின் முதலெழுத்தோ இருந்திருந்தால், எந்தக் காப்டன் என்று தேடிப் பார்த்திருக்கலாம். அங்கே என் முகந்தான் தெரிந்தது.

"அப்போ?" என்றார்.

"லண்டன் முத்திரை விழுந்தது நிச்சயம். 1857-ல் இங்கே இருந்திருக்கலாம். அதுக்கு மேலே சொல்ல முடியாது, ஐயா."

"கொடுத்ததா, எடுத்ததா?"

"தெரியாது."

அவர் சிரித்துவிட்டார். "நல்லதாப் போச்சு. ரெண்டு கட்சியும் இருக்கட்டும்" என்றார். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

கிளம்பும்போது லைசென்ஸைப் பற்றிக் கேட்டேன். காட்டினார். எப்படிப் பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் விலக்களிக்கிறது. இது அப்படியல்ல, இன்றைக்கும் சுடும். அந்த விஷயத்தில் அவர் கறாராகத்தான் இருந்தார்.

என் தொடர்கதை புத்தகமாக வந்தபோது ஒன்பதாவது அத்தியாயத்தைத் திருத்தினேன். கதாநாயகன் இப்போது ரிவால்வரைப் பறித்ததும், அதில் மருந்து இல்லையென்று கண்டு, அதன் கட்டையால் ஒருவனை அடித்துவிட்டு ஓடுகிறான். ஒரு பிரதியைப் பெரியவருக்கு அனுப்பினேன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை கழிந்து மறுபடியும் ஒரு கார்டு வந்தது. கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இந்தத் தடவை சந்தனத்தைப் பெட்டிக்கு மட்டும் வைத்தேன். உள்ளே எண்ணெய் பூசிப் பருத்தித் துணியில் சுற்றியிருக்கிறது. பேரன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஏன் தாத்தா கறுத்துப்போச்சு என்று கேட்கிறான்" என்று எழுதியிருந்தார்.