லயத்திலிருந்து மைதானத்துக்கு: எல்லைப்புறச் சிறார் விளையாட்டு விழாவின் வரலாறு

பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஒரே மைதானத்தில் கூடி விளையாடும் நாள், கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில் அண்மைக்காலத்து வழக்கம். தோட்டப் பிள்ளைக் காப்பகம், அங்கன்வாடி, பள்ளி உடற்கல்வி, பண்டிகை விளையாட்டு என்று தனித்தனியே வளர்ந்த நான்கு மரபுகள் அதில் ஒன்றுசேர்ந்தன. பிள்ளையின் வயதைப் போலவே தாயின் வேலை நேரமும் அதன் வடிவத்தைத் தீர்மானித்தது.

1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்படும் வரை இப்பகுதி ஒரே ஆட்சியில் இருக்கவில்லை. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும், சித்தூர் கொச்சி சமஸ்தானத்திலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும் இருந்தன. இடுக்கி தனி மாவட்டமானது 1972இல்தான். ஆட்சிகள் வேறானாலும், கொழிஞ்சாம்பாறை வயல்வெளி முதல் மூணாறு தேயிலைச் சரிவு வரை தமிழ் பேசும் உழைப்பாளிக் குடும்பங்கள் பரவியிருந்தன.

மூணாறின் கண்ணன் தேவன் மலையில் 1897இல் தேயிலைத் தோட்டக் கம்பெனி உருவானபின், மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் திரட்டப்பட்டனர். கொழுந்தெடுப்பு பெரும்பாலும் பெண்களின் வேலையானது. விடிந்ததும் தாய் மலைக்குப் போய்விட, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது பாட்டியோ மூத்த அக்காவோ. கண்ணாமூச்சி, நொண்டி, கூட்டாஞ்சோறு எல்லாம் லய வாசலிலேயே நடந்தன. அவற்றில் பெற்றோருக்கு இடமில்லை. அவர்கள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

இந்நிலையைச் சட்டம் தொட்டது 1951இல். ஐம்பதோ அதற்கு மேலோ பெண் தொழிலாளர்கள் உள்ள ஒவ்வொரு தோட்டமும் அவர்களின் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தகுந்த அறைகள் அமைத்து நடத்த வேண்டும் என்று அந்த ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இலங்கை மலையகத்தில் பிள்ளை மடுவம் என்ற தோட்டக் காப்பகம் செய்த வேலையை இங்கே இந்தக் காப்பகங்கள் செய்தன. தொட்டில், பால், ஆயா என்ற அளவில் இவற்றின் முதல் நோக்கம் காவல்தான். தொழிலாளர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்கு வசதி செய்து தரும் விதிகளை மாநில அரசுகள் வகுக்கவும் அதே சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் தோட்டங்களில் வேரூன்றியது பெரியவர்களின் விளையாட்டு. மூணாறில் எஸ்டேட் அணிகள் மோதும் ஃபின்லே கேடயக் கால்பந்துப் போட்டி அதற்குப் பேர்போன சான்று. சிறுபிள்ளைகள் அங்கே பார்வையாளர்கள் மட்டுமே.

தென்னிந்தியப் பள்ளிகளில் உடற்கல்வி முறையாக வளர்ந்ததில் ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு. அணிநடை, ஓட்டம், தாண்டுதல் என்று வளர்ந்த பள்ளி விளையாட்டு விழாவில் சாக்கு ஓட்டம், ஸ்பூனில் எலுமிச்சை, மூன்று கால் ஓட்டம் ஆகிய ஆங்கிலேய வேடிக்கைப் பந்தயங்களும் இடம்பெற்றன. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருந்தனர்.

சிறுபிள்ளைக்கு விளையாட்டே கல்வி என்ற கருத்து வேறொரு வழியில் வந்தது. ஜெர்மனியில் ஃப்ரோபெல் 1837இல் தொடங்கிய சிறுபிள்ளை நிலையம் அதன் ஊற்று. இந்தியாவில் கிஜுபாய் பதேகா 1920இல் பாவ்நகரில் பால மந்திர் என்ற மழலைப் பள்ளியை நிறுவினார். மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கிச் சிறுவர்களோடு பணியாற்றினார். கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் இடையே ஒரு மலைத்தொடர்தான் தூரம். ஆனாலும் மகாராஷ்டிரப் பழங்குடிப் பிள்ளைகளை அவர்கள் வீட்டு முற்றத்திலேயே கூட்டிக் கற்பித்த தாராபாய் மோடக்கின் முறையே ஏழைக் குடும்பங்களுக்கு ஏற்றதாக இருந்தது. 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 இடங்களில், அங்கன்வாடிகள் வழியாக இயங்கும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கேரளத்தின் முதல் திட்டப் பகுதி மலப்புறம் மாவட்டத்து வேங்ஙரை. இன்று மாநிலத்தில் 33,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. மறையூர்ப் பக்கத்து முதுவர் குடிகளிலும் அட்டப்பாடி ஊர்களிலும் மூன்று வயதுப் பிள்ளை வீட்டுக்கு வெளியே சேர்ந்து விளையாடும் முதல் இடம் பெரும்பாலும் அங்கன்வாடியே.

பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரே மைதானத்தில் முதலில் நிறுத்தியவை பண்டிகைகள். ஓணத்துக்கு உறியடி, வடம் இழுத்தல், படத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு பொட்டு வைத்தல். பொங்கலுக்கு வழுக்கு மரம், கோலப் போட்டி, இசை நாற்காலி. எல்லையில் இரண்டு பட்டியல்களும் ஒன்றாகிவிட்டன. தைப்பொங்கலுக்குக் கேரளத்தில் உள்ளூர் விடுமுறை பெறும் ஆறு மாவட்டங்களில் பாலக்காடும் இடுக்கியும் அடக்கம். நாள்கூலிக் குடும்பத்துக்கு விடுமுறை என்பது சம்பளம் இழக்காமல் மைதானத்துக்கு வரக்கூடிய நாள். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் இவ்விழாவுக்கு உகந்தவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அரசுக் கொள்கை பெற்றோரை அழைத்தது கடைசியாகத்தான். 2013இன் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை பெற்றோரின் பங்கேற்பை வலியுறுத்தியது. அங்கன்வாடிகளில் மாதம் ஒரு நாள் பெற்றோரை வரவழைத்துப் பிள்ளைகளின் செயல்பாடுகளில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடும் அக்காலத்தில் வந்தது.

விழாவைத் திட்டமிடுவோர் முதலில் பார்ப்பது வானத்தை. இடுக்கியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மைதானம் சேறு. மார்ச்சில் பாலக்காட்டு வெயில் சிறுபிள்ளைகளுக்கு ஆகாது. ஆகவே டிசம்பர் முதல் பிப்ரவரி வரையே நல்ல காலம். அப்போதும் மூணாறில் பனி விலகி வெயில் ஏறிய பிறகு தொடங்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் சித்தூர்ப் பக்கத்தில் வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். மலைச்சரிவில் சமதளம் கிடைப்பது அரிது என்பதால் ஓட்டத் தூரமும் குறுகும். மூன்று வயதுக்குப் பத்துப் பதினைந்து மீட்டரே போதும்.

பழைய பந்தயங்கள் இவ்வயதுக்காக உருமாறின. ஸ்பூனைப் பெரியவர்கள் வாயில் கவ்வி ஓடுவார்கள். பிள்ளைகள் கையில் பிடித்து நடந்தால் போதும். பெரியவர் காலோடு பிள்ளையின் காலைக் கட்டினால் இருவரும் விழுவார்கள் என்பதால் மூன்று கால் ஓட்டம் கைகோத்து ஓடும் ஓட்டமாகிறது. மிட்டாய் பொறுக்குதலில் மிட்டாய்களை ஒரே குவியலாகப் போட்டால் தள்ளுமுள்ளு வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நேர்கோட்டில் தனித்தனியாக மூன்று நான்கு மிட்டாய்களை வைத்தால், குனிந்து எடுத்து, நிமிர்ந்து ஓடி, எல்லைக்கோட்டில் நிற்கும் அம்மாவின் மடியில் போடப் பிள்ளைக்கு வழி கிடைக்கிறது. பலூனைக் கூடையில் சேர்த்தல், தவளைபோல் தாவுதல் ஆகியவற்றுக்கும் இதே எளிய விதிதான். அப்பாக்களுக்குக் கயிறு இழுத்தல், அம்மாக்களுக்கு இசை நாற்காலி எனப் பெற்றோர் போட்டிகள் இடையிடையே வந்தால் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைக்கும். அறிவிப்பைத் தமிழிலும் மலையாளத்திலும் சொன்னால் இரு மொழிக் குடும்பங்களும் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடமாவது உடலசைவோடு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. ஆண்டுக்கு ஒரு நாள் விழாவால் அது நிறைவேறாது. மைதானத்தில் கற்ற ஆட்டத்தைப் பெற்றோர் வீட்டு வாசலிலும் தொடர வேண்டும். அதற்காகவே நல்ல திட்டமிடல் கூடை, பந்து, கயிறு போன்ற வீட்டுப் பொருள்களோடு நின்றுகொள்கிறது. பரிசிலும் இதே நோக்கு வேண்டும்: வென்ற பெரியவர்களுக்கு எவர்சில்வர் பாத்திரம் தரலாம், பிள்ளைகளுக்கோ முதலிடம் இரண்டாமிடம் பாராமல் எல்லோருக்கும் ஒரே பரிசு.