மணலிக் காற்றும் பழைய மோட்டார் வண்டிகளும்

மக்கள் கையாற் செய்த பொருள்கள் முதுமையால் அழிவதினும் காப்பாரின்மையால் அழிவதே பெரும்பான்மை. ஏட்டுச் சுவடிக்குச் செல் பகை; செப்புப் படிமத்துக்குக் களிம்பு பகை; இரும்புக்குத் துரு பகை. முன்னிரண்டையும் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். மூன்றாவதைக் குறித்து, அதிலும் நெடுநாள் ஓடாது நிற்கும் பழைய மோட்டார் வண்டிகளைக் குறித்து, இத்திங்கள் சில கூற விழைகின்றோம். மோட்டார் வண்டி செல்வர் விளையாட்டுப் பொருளாயிற்றே, அதனோடு நமக்கு என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். தொடர்பு மிகவும் உண்டு.

சென்னைக்கு மோட்டார் வண்டி கடல்வழியே வந்தது. இந்நகரில் முதற் பதிவெண் பெற்ற வண்டி துறைமுகச் சபைத் தலைவராயிருந்த ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பாருடையது என்பர். 1903-ஆம் ஆண்டிலேயே சிம்ப்ஸன் கம்பெனியார் இங்கே நீராவி மோட்டார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினர். 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் ரகுநந்தன் சரண் என்பார் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மறு ஆண்டில், மணலிக்கு வடகீழ்த் திசையில் உள்ள எண்ணூரில், சீமையிலிருந்து வந்த உறுப்புக்களைக் கொண்டு ஆஸ்டின் ஏ40 வண்டிகள் பூட்டப்பெற்றன. 1955-இல் அந்நிறுவனம் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிற்று. எண்ணூரிற் பூட்டிய ஏ40 ஒன்று இன்று எங்கேனும் ஒரு கொட்டகையில் நிற்குமாயின், அது வடசென்னைத் தொழிலாளரின் கைத்திறனுக்குச் சான்றாகும். அரசர் புகழைக் கல்வெட்டுக்கள் சொல்லும்; நம் தொழிலாளர் புகழைச் சொல்லும் கல்வெட்டு அவ்வண்டியே.

வண்டியை நெடுநாள் நிறுத்திவைக்கும் வழக்கம் பழமையானதே. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜூலையில், இங்கிலாந்தில் சொந்தப் போக்குவரத்துக்குரிய பெட்ரோல் பங்கீடு அடியோடு நிறுத்தப்பட்டது. அந்நாட்டு மக்கள் தம் வண்டிகளைக் கட்டைகளின் மேல் ஏற்றி, மின்கலத்தைக் கழற்றி, நீரை வடித்து, போர் முடியுமளவும் கொட்டகையிற் கிடத்தினர். அங்கே பேரச்சம், குளிரில் நீர் உறைந்து எஞ்சினைப் பிளந்துவிடும் என்பது. நம் நாட்டில் அஞ்சத்தக்கது வேறு. ஆகலின் சீமைப் புத்தகம் கூறும் முறை மட்டும் நமக்குப் போதாது.

காற்றுத் தாங்கவல்ல நீராவியின் அளவு வெப்பத்தோடு ஏறும், இறங்கும். 30 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 பாகையில் 23 கிராமே தாங்கும். மாலையில் 30 பாகை வெப்பமும் நூற்றுக்கு 75 பங்கு ஈரமும் இருக்குமாயின், இரவில் வெப்பம் 5 பாகை தணிந்த அளவிலேயே அக்காற்று தன் எல்லையை எய்திவிடும். இன்னுஞ் சிறிது தணிந்தால் இரும்பின்மேல் நீர்த்துளி அரும்பும். காலையிலோ, இரவெல்லாம் குளிர்ந்த இரும்பின்மேல் வெதுவெதுப்பான கடற்காற்றுப் படும். அப்போதும் இரும்பு வியர்க்கும். இதனால் வெப்பத்தினும் அதன் ஏற்றத்தாழ்வே பெருங்கேடு விளைக்கும் என்பது பெறப்படும்.

1930-களில் வெர்னன் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர் இதனை ஆராய்ந்தார். காற்றிற் கந்தகப் புகை கலந்திருப்பின், ஈரம் நூற்றுக்கு ஏறத்தாழ 60-ஐக் கடந்தவுடன் துரு திடீரென விரைந்து வளர்தலை அவர் கண்டு காட்டினார். உப்பின் தன்மையோ இன்னுங் கொடிது. சோற்றுப்பு ஈரம் 75 ஆகும்போது கசியும். கடலுப்போடு கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு 33-லேயே காற்றின் ஈரத்தை இழுத்து நீராய்விடும். எண்ணூர் உப்பளங்களை அறிந்த நம்மவர்க்கு உப்புப் பானை கசிவதை யாம் விளக்க வேண்டுவதில்லை. கிழக்கே கடல்; ஊருக்குள் 1969 முதல் இயங்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை; வடக்கே அனல் மின்நிலையம். உப்பும் புகையும் ஈரமும் ஆகிய மூன்றும் ஒருங்கு கூடும் இடம் நம் மணலி.

இதற்கு மருந்து இல்லையோ எனின், உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டு இரசாயனப் பாதுகாப்புச் சாலை ஒன்று அமைக்கப்பட்டது. அங்கே பரமசிவன் என்னும் அறிஞர் செப்புப் படிமங்களைப் பற்றிய களிம்பு நோயைத் தீர்க்க முற்பட்டார். அந்நோய்க்கும் மூலம் உப்பும் ஈரமுமே. முதலில் உப்பைப் போக்குக, பின்னர் ஈரத்தைத் தடுக்க என்பதே அச்சிகிச்சையின் சாரம். வண்டிக்கும் அதுவே விதி.

முதலாவதாக, நிறுத்துமுன் வண்டியின் அடிப்புறமும் சக்கர வளைவுகளும் உட்பட உப்பு நீங்கக் கழுவி, முற்றும் உலர்த்தி, அடிச்சட்டத்திற்கு மெழுகெண்ணெய் பூசுக. கழுவுதற்கு நன்னீரே வேண்டும். உவர்ப்பான ஆழ்குழாய் நீர் தீமையை மிகுவிக்கும். இரண்டாவதாக, இடத்தைத் தேர்க. தகரக் கொட்டகை பகலிற் கொதித்து இரவிற் குளிர்வதால் அது ஆகாது. ஓட்டுக்கூரையோ உட்கூரையோ வேண்டும். 2023 டிசம்பர்ப் புயலில் நம் பகுதி நீரில் நின்றதை நினைந்து தரையை உயர்த்துக. பிளாஸ்டிக் தாளால் இறுகப் போர்த்தினால் ஈரம் உள்ளே சிறைப்படும். பருத்தித் துணியே நன்று. மூன்றாவதாக, ஈரமானி ஒன்றை வைத்து ஈரத்தை 45-க்கும் 55-க்கும் இடையே நிறுத்துக. மிகின் தோல் இருக்கை பூசணம் பூக்கும். மிகக் குறையின் உள்மரம் வெடிக்கும். ஈரநீக்கும் பொறி வைப்போர் கதவையும் சாளரத்தையும் அடைத்தல் வேண்டும்; இல்லையேல் கடலை இறைத்தது போலாம். நான்காவதாக, வாரந்தோறும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தும் வழக்கத்தை விடுக. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகும். எஞ்சின் நன்கு சூடேறுமுன் நிறுத்தினால் அந்நீரில் ஒரு பகுதி உள்ளேயே தங்கும். இக்காலத்துப் பெட்ரோலிற் கலந்துள்ள எத்தனாலும் ஈரத்தை ஈர்க்கும்; ஆகவே தொட்டியை வடித்துவிடுதல் நலம்.

இவ்வளவு முயற்சி எதற்கு எனின், ஒரு சட்டத்தை எடுத்துக் காட்டுகின்றோம். 2021-இல் இந்திய அரசாங்கத்தார் வகுத்த விதியின்படி, 50 ஆண்டு கடந்து தன் பழைய உருவிலேயே உள்ள வண்டி பழம்பெரும் வண்டியெனத் தனிப் பதிவு பெறலாம். ஆனால் அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாறுதல் செய்திருத்தல் கூடாது. துரு அடிச்சட்டத்தைத் தின்றபின் வேறு சட்டம் பொருத்தினால் வண்டி ஓடலாம்; தன் பெயரை இழந்துவிடும். போன உறுப்பைப் பொன் கொடுத்தும் மீட்க இயலாது.

கோயம்புத்தூரில் 2015-இல் ஜி. டி. நாயுடு அறக்கட்டளையைச் சார்ந்தோர் மோட்டார் காட்சிச்சாலை ஒன்றைத் திறந்து பழைய வண்டிகளைப் பேணி வருகின்றனர். கடலுக்குத் தொலைவான ஊரினர் இவ்வளவு செய்யும்போது, உப்புக்காற்றின் நடுவே வாழும் நாம் இருமடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டாவா? நம் உறுப்பினருள் எவர் வீட்டுக் கொட்டகையிலேனும் பழைய வண்டி நிற்குமாயின், வரும் ஐப்பசி அடைமழைக்கு முன் அதனைக் கழுவி உலர்த்தி உயர்ந்த இடத்தில் வைப்பாராக. எண்ணூர் ஆலையில் உழைத்த முதியோர் உள்ள வீட்டார், அவர்தம் சொற்களைக் கேட்டு எழுதி வைப்பாராக. வண்டியும் சொல்லும் ஒருங்கே நின்றால்தான், பின்வரும் மக்கள் தம் முன்னோர் உழைப்பைக் கண்ணாற் காண்பர்.