இஸ்மத்தின் போர்வை

ஆசிரியைமீது மாணவி மோகம் கொள்ளும் கொலெத்தின் முதல் ‘க்ளோதீன்’ நாவல், 1900இல் பாரிஸில் கணவர் வில்லியின் பெயரில் வெளிவந்தது. இஸ்மத் சுக்தாய் அப்படி மறைந்துகொள்ளவில்லை. 1942இல் லாகூரின் ‘அதப்-இ-லத்தீஃப்’ இதழில் தம் பெயரிலேயே ‘லிஹாஃப்’ கதையை வெளியிட்டார். நவாப் இளைஞர்களை நாடுகிறார். தனித்துவிடப்பட்ட பேகம் ஜானுக்குப் பணிப்பெண் ரப்புவே துணை. இரவில் அசையும் பஞ்சுப் போர்வை, பார்த்திருக்கும் சிறுமிக்குச் சுவரில் யானை நிழலாகத் தெரிகிறது. அதற்குமேல் அவளுக்கு எதுவும் விளங்குவதில்லை.

லாகூர் நீதிமன்றத்தில் ஆபாச வழக்கு. இஸ்மத் மன்னிப்புக் கேட்க மறுத்தார். ஆபாசமான சொல் எது என்று வழக்கறிஞர் கேட்க, ‘காதலர்’ என்பதைச் சுட்டினார் ஒரு சாட்சி! வழக்கு நிற்கவில்லை. சிறுமியின் அறியாமைதான் கதையைக் காத்தது என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும், பேகத்தின் ஆசையைக் கணவனின் புறக்கணிப்பால் விளைந்ததாகக் காட்டுவது இன்று நம்மை உறுத்துகிறது.